பஞ்சர் ஒட்டக் கடல் கடந்தவன்

நாட்டிங்காம்,
இங்கிலாந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

  

"படிக்கலன்னா மாமன் கடையில பஞ்சர் ஒட்டத்தான் போற" என்று அம்மா உங்கள் எதிரிலேயே என்னை மிரட்டும். நீங்களும் பால்ஸுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டே சிரிப்பீர்கள். அந்தப் பயத்திலேயே திருக்கோவிலூரில் படித்தேன், விழுப்புரத்தில் படித்தேன், சென்னையில் படித்தேன். கடைசியில் விமானம் ஏறி வந்து, சனிக்கிழமைதோறும் இங்கே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கூலி கிடையாது. டியூபும் சொல்யூஷனும் என் செலவு.

விஷயம் என்னவென்றால், பழைய ராலே சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி ஹேண்டில்பார் வளைந்த ரேஸ் சைக்கிள் ரகம். மாடல் பெயர் லெண்டன். அது இந்த ஊரில் ஒரு பேட்டை. ராலே ஆலை அங்கேதான் இருந்தது. ராலே தெருவில் சின்னப் பட்டறையாக இருந்ததை ஃபிராங்க் பவுடன் என்பவர் கையில் எடுத்து உலகப் பெரிய கம்பெனியாக்கினார். 2002ல் இங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆலை நிலத்தின் ஒரு பகுதியில் 1999லேயே பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் வந்துவிட்டது. என் வேலை அங்கேதான். சைக்கிள் கடைக்குத் தப்பி ஓடியவன், சைக்கிள் ஆலை மனையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பின்சக்கர ஹப்பில் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' என்ற பெயரோடு 56 என்று வருஷம் குத்தியிருக்கிறது. உங்களைவிட இரண்டு வயது மூப்பு. பார்த்தால் நீங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். உறவும் இல்லாமல் இல்லை. முருகப்பா குடும்பம் 1949ல் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியபோது கூட்டுச் சேர்ந்தது இந்த நாட்டு டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். உங்கள் ஹெர்குலிஸ் சைக்கிள் அந்த வழியில் வந்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1960ல் ராலேயையும் வாங்கிப்போட்டது. ஆக, உங்கள் வண்டியும் என் வண்டியும் பங்காளிகள். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களே, அந்தக் கணக்கு இதிலும் அப்படியே இருக்கிறது.

இனிமேல்தான் கூத்து. சனிக்கிழமை பட்டறை என்பது ஓய்வுபெற்ற தாத்தாக்கள் கூடும் ஒரு கொட்டகை. கிராங்கில் காட்டர் பின் இறுகிப்போய்க் கழல மறுத்தது. உடனே டீ போட்டுக் கூட்டம் கூட்டினார்கள். ஒருவர் நெருப்புக் காட்டலாம் என்றார். இன்னொருவர் அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, வரவழைக்கலாம் என்றார். நான் ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். (அதற்கு இங்கே பாரஃபின் என்று பெயர், ரேஷன் கார்டு கேட்பதில்லை.) அடுத்த சனிக்கிழமை நட்டைப் பின்னின் தலைமட்டத்துக்குத் தளர்த்தி, அடி பால்ஸில் இறங்காமல் இருக்க கிராங்குக்குக் கீழே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, உங்கள் பாணியில் ஒரே போடு. பின் தெறித்து விழுந்தது. கை தட்டினார்கள், மாமா! எங்கே பயிற்சி என்று கேட்டார்கள். திருக்கோவிலூர் என்றேன். அது எந்த யுனிவர்சிட்டி என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். பத்து வருஷப் படிப்பு, முதல் செமஸ்டர் முழுக்க டீ வாங்கி வருவது என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் பெயிண்ட் அடிக்க மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். கீறலும் மங்கலும் வண்டியின் சரித்திரமாம், தொடக் கூடாதாம். நீங்கள் பச்சை எனாமல் அடித்து, ஹப்பில் பிளாஸ்டிக் பூ சுற்றி, பாருக்கு ரெக்சின் உறை போடுவீர்கள் என்றதும் ஒரு தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இத்தாலியில் கயோலே என்ற ஊரில் 1997 முதல் 'எரோய்கா' என்று வருஷத் திருவிழா நடக்கிறது. 1987க்கு முந்திய சைக்கிள்தான் வரலாம்; பழங்காலச் சட்டை போட்டு மண் ரோட்டில் மிதிக்க வேண்டும்; அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். நம் ஊரில் கீரைக்காரரும் பால்காரரும் தினமும் நடத்தும் திருவிழாவுக்கு ஒருவரும் டிக்கெட் போடவில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. ஹப்புக்குத் தேங்காய் எண்ணெய் விடச் சொல்லி அம்மா போனில் யோசனை சொன்னது. இந்த ஊர் மார்கழியில் அது பாட்டிலிலேயே கட்டியாகிவிடும். மெல்லிய மெஷின் ஆயில்தான் விடுகிறேன். கியர் மூன்றே மூன்று, அத்தனையும் ஹப்புக்குள்ளேயே. நடு கியர் நேர் ஓட்டம், மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூட்டும், கீழ் கியர் கால் பங்கு குறைக்கும். பளபள உடுப்பும் 22 கியரும் வைத்திருக்கும் இளவட்டங்கள் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். மூன்றடியில் உலகளந்தவர் ஊர்க்காரனுக்கு இது போதும் என்று மிதிக்கிறேன். பார்தான் உயரம். ஏறி உட்காரும்போதெல்லாம் சன்னதியில் ஒரு காலைத் தூக்கி நிற்கும் நம் பெருமாளின் சிரமம் புரிகிறது.

ஒரு உதவி. காட்டர் பின் நான்கைந்து ஜோடி வேண்டும். இங்கேயும் கிடைக்கிறது, ஆனால் ஜோடிக்கு ஒரே சரிவாக அரம் போட எனக்கு இன்னும் கை படியவில்லை. சரிவு மாறினால் பெடல் இரண்டும் நேர்கோட்டில் நிற்காமல் வண்டி நொண்டுகிறது. நீங்களே அரம் போட்டுக் கொடுங்கள். முறுக்கு டின்னில் மட்டும் போட்டு அனுப்ப வேண்டாம். ஏர்போர்ட் ஸ்கேனில் கேள்வி வரும்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: சீட்டு புரூக்ஸ் தோல் சீட்டு, 1866ல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி. அதன் விலைக்கு அங்கே ஒரு புது சைக்கிளே வாங்கலாம். அம்மா கேட்டால் ஆராய்ச்சிச் செலவு என்று சொல்லிவிடுங்கள்.