டயர் பெருத்தால் வண்டி பெருக்குமா?

ஜீப் டயரில் 245/75 ஆர்16 என்று இருந்தால், 245 அகலம், மில்லிமீட்டரில். 75 பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு இத்தனை என்று. 16 வீலின் விட்டம், அங்குலத்தில். 2020-ல் வந்த மஹிந்திரா தாருக்கு இதுவும் 255/65 ஆர்18-ம் கம்பெனியே மாட்டித் தந்த அளவுகள். வீல் 2 அங்குலம் வளர்ந்தும் டயரின் மொத்த உயரம் கூடியது 15 மி.மீ.தான். பக்கச்சுவர் 184-லிருந்து 166 ஆக இளைத்துவிட்டது. பழவேற்காட்டு மணலில் காற்றை இறக்கிவிட்டு ஓட்டும்போது கைகொடுப்பதோ அந்தப் பக்கச்சுவர். ஆனால் டயர் கடைக்கு வருபவர் கேட்பது 20 அங்குல அலாய் வீல். மணலுக்குப் போனால்தானே மணலைப் பற்றிய கவலை!

இன்னொரு சாரார் 16 அங்குலத்தைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 மாட்டுவார்கள். மீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 86-ல் போகும், மைலேஜ் இறங்கும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் மட்காடு உரசும் வாய்ப்பும் உண்டு. இத்தனைக்கும் தரையிலிருந்து வண்டி எழும்புவது 28 மி.மீ.

தேர்வாய்க்கண்டிகையில் மிஷலின் ஆலை லாரி டயர் செய்கிறது. அதே வட்டாரத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் மழைக்காலப் பள்ளங்களில் அன்றாடம் இறங்கி ஏறுவதும் கம்பெனி அளவு மாறாத லாரிகளே. சேற்று டயர் மாட்டிய ஜீப்புகள் ஜிஎன்டி சாலையில் டோல் கட்டிவிட்டு, தார் மேலேயே உறுமிக்கொண்டு போகின்றன.