கத்தி யார் கையில்?

நான் பி.டி.எஸ். முடித்த காலத்தில், அதாவது 2000களின் தொடக்கத்தில், மேற்படிப்புக்கு இடம் தேர்ந்தெடுப்பது ஒரே நாள் வேலை. நுழைவுத் தேர்வு எழுதி, ரேங்க் வந்து, கீழ்ப்பாக்கத்தில் கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டால் போய் உட்கார வேண்டும். நம் பெயர் வரும்போது எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு மிச்சம் இருக்கிறதோ, அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பார்கள். மூன்று வருடப் படிப்பும் அதற்குப் பிறகான முப்பது வருட வாழ்க்கையும் சில நிமிடங்களில் முடிவாகிவிடும்.

வாய், முக, தாடை அறுவை சிகிச்சைதான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகமெல்லாம் சுற்றியிருந்தவர்களுக்குத்தான். "பொம்பளப் பிள்ளை, பல்லுக்குக் கம்பி போடுற ஆர்த்தோ எடுத்தா வீட்டோடயே கிளினிக் போட்டுக்கலாம். சர்ஜரின்னா ராத்திரி பகல் பாக்காம ஓடணுமேம்மா" என்றார் பெரியப்பா. அப்பா எதிர்க்கவில்லை. அவர் விசாரித்தது இரண்டே விஷயங்கள்: ஹாஸ்டல் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறதா, ஊருக்கு நேர் பஸ் உண்டா. அக்கறையான கேள்விகள்தான். ஆனால் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் யாருக்கும் தெரியாது. அந்தத் துறைக்கு மாதம் எத்தனை தாடை முறிவு வருகிறது? வருகிறவற்றில் எத்தனை பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் காது மூக்கு தொண்டைக்கும் போய்விடுகிறது? வாரத்தில் எத்தனை நாள் தியேட்டர் கிடைக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, பி.ஜி.யின் கையில் கத்தி கொடுப்பார்களா, இல்லை மூன்று வருடமும் ரிட்ராக்டர் பிடிக்க வைப்பார்களா?

எனக்கு வாய்த்த இடம் நல்ல இடமாக அமைந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஹெல்மெட் போடாத இரு சக்கர வாகனங்கள். தீபாவளி, பொங்கல் வந்தால் கேஷுவால்டியில் இடம் இருக்காது. முறிந்த தாடையை அசையாமல் பிடிக்கும் ஆர்ச் பார் கட்ட முதல் வருடத்திலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பல் வரிசைக்கு அளந்து பாரை வளைத்து, 26 கேஜ் கம்பியைப் பல்லிடுக்கில் நுழைத்து, ஹோல்டரால் முறுக்க வேண்டும். ஒரு சுற்று குறைந்தால் பார் ஆடும். ஒரு சுற்று கூடினால் கம்பி பட்டென்று அறுந்துவிடும். அந்தக் கடைசிச் சுற்று எங்கே நிற்க வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடையாது, விரலுக்குத்தான் தெரியும். மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் சேர்த்துக் கட்டியபின் நோயாளியின் தலைமாட்டில் கம்பி வெட்டும் கட்டர் ஒன்றை வைப்போம். ராத்திரி வாந்தி வந்தால் உடனே வெட்டிவிட வேண்டும். கூட இருக்கும் அம்மாவிடமோ மனைவியிடமோ எந்தக் கம்பிகளை வெட்டுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுப்போம். அந்தப் பெண்கள் அதைக் கவனித்த கவனத்தைப் பல மாணவர்களிடம் பிறகு நான் பார்த்ததில்லை.

இன்று என் அக்கா மகள் அமெரிக்காவில் பல் மருத்துவம் முடிக்கப் போகிறாள். அவளுக்கும் இதே துறைதான் வேண்டுமாம். எனக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி இந்த வருடம் வரவில்லை. ஆனால் அவள் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பார்க்கும்போது, இரண்டு பேரும் ஒரே படிப்புக்குத்தான் போனோமா என்று மலைப்பாக இருக்கிறது.

அங்கே இந்தப் பயிற்சியைத் தரும் மருத்துவமனைகள் நூறை ஒட்டி இருக்கின்றன. அவை இரண்டு வகை. நான்கு வருடம் படித்துச் சான்றிதழோடு வெளியே வருவது ஒன்று. ஆறு வருடத்தில் எம்.டி. என்ற மருத்துவப் பட்டமும் சேர்த்து வாங்குவது இன்னொன்று. இடம் பிடிக்க முதலில் சி.பி.எஸ்.இ. என்று ஒரு தேர்வு எழுத வேண்டும். நம்மூர்ப் பள்ளி வாரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவ மாணவர்களுக்கான அடிப்படை அறிவியல் தேர்வு அது. 2012இல் பல் மருத்துவ தேசியத் தேர்வின் முதல் பகுதிக்கு மதிப்பெண் தருவதை நிறுத்தி வெறும் தேர்ச்சி, தோல்வி என்று ஆக்கியதும், மாணவர்களைத் தரம் பிரிக்க இது வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு, விரும்புகிற மருத்துவமனைகளில் ஒரு வாரம், இரண்டு வாரம் போய்க் கூடவே இருந்து பார்க்கும் எக்ஸ்டர்ன்ஷிப். பிறகு விண்ணப்பம், நேர்முகம். கடைசியில் மாணவி தன் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்திக் கொடுக்க, மருத்துவமனைகள் தங்கள் பட்டியலைக் கொடுக்க, கணினி இரண்டையும் பொருத்தி ஜனவரிக் கடைசியில் ஒரே ஒரு பெயரை அனுப்பும். அதுதான் இடம், மாற்ற முடியாது. எதுவும் வராதவர்கள் ஒரு வருடம் இன்டர்னாக இருந்துவிட்டு மறுபடி முயல்வார்கள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது எக்ஸ்டர்ன்ஷிப்தான். சேர்வதற்கு முன்னால் ஒரு துறையை ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்க முடிகிறதே, அதற்கு ஈடு எதுவும் இல்லை. பகல் பத்து மணிக்கு எல்லாத் துறையும் நல்ல துறைதான்.

அவள் அப்படிப் போய்ப் பார்த்த இரண்டு இடங்களைப் பற்றிச் சொன்னாள். ஒன்று பெயர் பெற்ற இடம். அங்கே பேராசிரியர் அறுவை செய்தார், பயிற்சியில் இருக்கும் மூத்த ரெசிடென்ட் உறிஞ்சு குழாய் பிடித்தார். வாரம் முழுக்க இதே கதை. இன்னொன்று கவுன்டி ஆஸ்பத்திரி. கத்திக்குத்து, துப்பாக்கிச்சூடு, கார் விபத்து எல்லாம் வரும் இடம். அங்கே தாடைக் கோண முறிவு ஒன்றுக்கு நான்காம் வருட ரெசிடென்ட் தானே திறந்து, பல் வரிசையைப் பொருத்தி, பிளேட்டை வளைத்து, திருகு போட்டாராம். பேராசிரியர் கவுன், கையுறையோடு பின்னாலேயே நின்றார். ஒரே ஒரு முறை, "பல்லு மறுபடி பொருந்துதான்னு பாரு" என்றாராம். அவ்வளவுதான்.

"அது போதும்டா, அந்த இடத்தை மேல போடு" என்றேன்.

"சித்தி, ரெண்டு எடத்துலயும் கேஸ் நம்பர் ஒண்ணாத்தான் இருக்கு" என்றாள். சரிதான். அங்கே அங்கீகாரம் தரும் அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு கடைசி வருட இடத்துக்கும் 175 பெரிய அறுவை சிகிச்சைகள். அதில் விபத்து, கட்டி, தாடைச் சீரமைப்பு, மறுசீரமைப்பு என்று ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 20. மயக்க மருந்தில் 5 மாதப் பயிற்சி, 300 பேருக்குத் தானே கொடுத்த அனுபவம். மயக்க மருந்தைப் பொறுத்தவரை அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. இங்கே நாங்கள் மயக்கவியல் மருத்துவருக்காகக் காத்திருந்தே பாதி நாளைக் கழித்தோம். கணக்கு நல்லது, கணக்கு இல்லாத காலத்தில் படித்தவள் நான், அதன் அருமை தெரியும். ஆனால் திருகு போட்ட கை எது என்பதைக் கணக்கு முழுதாகச் சொல்லிவிடாது. அதை நேரில்தான் பார்க்க வேண்டும், அங்கே இருக்கும் ரெசிடென்டைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நான்கா ஆறா என்பதில்தான் வீட்டில் பெரிய விவாதம். அக்காவுக்கு ஆறு. எம்.டி. என்றால் நிஜ டாக்டர் என்று சொந்தக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களாம். அந்தக் காரணத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இரட்டைப் பட்டப் பயிற்சியை மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் வால்டர் குராள்னிக் 1971இல் தொடங்கியது சொந்தக்காரர்களுக்காக அல்ல. முகத்தை அறுப்பவருக்கு முழு உடம்பும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. அது மதிக்க வேண்டிய எண்ணம். சர்க்கரையும் இதய நோயும் உள்ள புற்றுநோயாளிக்கு எட்டு மணி நேர அறுவை செய்கிறவருக்கு அந்த அறிவு வேண்டும்தான். ஆனால் கசாஞ்சியான் என்ற ஆர்மேனியக் குடியேறியை நினைவூட்டினேன். முதல் உலகப் போரில் பிரான்சில் சிதைந்து வந்த ராணுவ வீரர்களின் முகங்களை அவர் சேர்த்தபோது வெறும் பல் மருத்துவர். மருத்துவப் பட்டம் வாங்கியது திரும்பி வந்து, 1921இல்.

இரண்டு வழியில் வந்தாலும் எழுதுவது ஒரே போர்டுத் தேர்வு. பணம் வேறு. அங்கே கடன் வாங்கிப் பல் மருத்துவம் படிப்பவர்கள் சராசரியாக 3 லட்சம் டாலர் கடனோடு வெளியே வருகிறார்கள். ஆறு வருட வழியில் மருத்துவக் கல்லூரியில் இருக்கும் வருடங்களுக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது, கட்டணமும் கட்ட வேண்டும். 26 வயதில் சேர்ந்தால் 32. "கல்யாணம் எப்போ?" என்று அக்கா கேட்டபோது பெரியப்பாவின் குரலே கேட்டது. அதற்கு மட்டும் நான் கொஞ்சம் கோபமாகவே பதில் சொன்னேன்.

அக்கா மகளுக்கு வாய்ப் புற்றுநோயில் ஆர்வம். போன வருடம் என் ஓ.பி.யில் வந்து உட்கார்ந்தாள். வாயில் இரண்டு விரல்கூட நுழையாதபடி இறுகிப்போன இளைஞன் ஒருவன் வந்தான். பாக்கும் ஹான்ஸ் புகையிலையும் போட்டுப் போட்டு வந்த இறுக்கம். அவன் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்துக் கிடந்ததை டார்ச் அடித்துப் பார்த்தவள், கூடவே அவன் கழுத்தையும் தடவிப் பார்த்தாள், யாரும் சொல்லாமலே. அங்கே எந்த வழியில் போனாலும் புற்றுநோய்க்கும் நுண் ரத்தக்குழாய் இணைப்புக்கும் தனி ஃபெலோஷிப் படிக்க முடியும் என்பதால், எம்.டி. இல்லையே என்ற கவலை அவளுக்கு இப்போது இல்லை.

பட்டியலை முடித்துவிட்டாள். கவுன்டி ஆஸ்பத்திரி முதலிடம், நான்கு வருடம். இரண்டாவதாக ஓர் ஆறு வருட இடம். அங்கேயும் மூத்த ரெசிடென்ட் கையில் கத்தி இருந்ததாம், தானே பார்த்ததாகச் சொன்னாள். அந்தப் பெயர் பெற்ற இடம் ஆறாவதாக இருக்கிறது. அக்கா இன்னும் சமாதானம் ஆகவில்லை.