பின்வளவுத் திணை: தேற்றாத்தீவுப் பாத்தி ஓரங்கள் குறித்து ஒரு முன்னாய்வு

தொல்காப்பியர் நிலத்தைப் பிரித்தபோது வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை என்பது இக்கட்டுரையின் முதற் குற்றச்சாட்டு. மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடலுக்கும் திணை கொடுத்தவர், குசினிக் கதவுக்கும் பின்வேலிக்கும் நடுவே கிடக்கும் மணலைக் கவனியாது விட்டார். கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நெருக்க, இடையில் கிடக்கும் எழுவான்கரை ஊர் தேற்றாத்தீவு. ஆகவே அது நெய்தல்தானே என்று சிலர் நழுவப் பார்ப்பார்கள். கத்தரியும் கொச்சிக்காயும் வெற்றிலைக் கொடியும் மணலிலேயே விளைகிற ஊரை மீனோடு மட்டும் கட்டிப்போட நாம் உடன்படமாட்டோம். பின்வளவுத் திணை என ஒன்றை இங்கு முன்மொழிகிறோம். அதன் மரம் முருங்கை, புள் கோழி, விலங்கு அயல்வீட்டு ஆடு, பறை அந்த ஆட்டை விரட்டத் தட்டும் தகரம், தொழில் வேலி அடைத்தல். எல்லைக் கதிகால் யாருடையது என்பது பற்றிய நெடுங்கால ஊடலே உரிப்பொருள்.

ஆய்வுக்களத்தின் மணல், ஒரு வாளித் தண்ணீரை ‘சுர்’ரென்று குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கும். எனவே இங்கே தோட்டம் திட்டத்தில் தொடங்குவதில்லை, கழிவுத் தண்ணீரில் தொடங்குகிறது. கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடும் பக்கம் வாழை. சட்டிபானை கழுவும் இடத்தில் இரம்பை, அதன் காலடியில் பொன்னாங்காணி. தண்ணீர் எட்டாத மூலையில் மரவள்ளி. மரவள்ளிக்கும் கட்டாத மூலையில் கால் முறிந்த கதிரை. பின்வளவின் வரைபடம் கீற விரும்புபவருக்கு அளவுநாடா தேவையில்லை, வீட்டார் எங்கே நின்று முகம் கழுவுகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

அடுத்த கட்டம் பொச்சுமட்டை. குழி வெட்டி, மட்டையின் உட்புறம் வானத்தைப் பார்க்க அடுக்கி, சாணமும் மணலும் போட்டு மூடுவார்கள். மட்டை மழையைப் பிடித்துவைத்து வெயிலில் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்கும், பொட்டாசியமும் சேரும். லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் தென்னைக்குச் சொல்லும் இதே முறையை எங்கள் மாமிமார் தேசிக்கும் கறிவேப்பிலைக்கும் செய்கிறார்கள். யார் யாரிடம் கற்றது என்ற விவாதத்தில் நாம் தலையிடப் போவதில்லை. மாமிமாரோடு வாதாடி வென்றவர் இல்லை.

இனிப் பாத்தி ஓரத்துக்கு வருவோம். உடைந்த கூரையோட்டைச் சரித்து நடுபவர்கள் ஓட்டுப் பள்ளியார். ஒழுங்கானவர்கள், ஆகவே எழுத அதிகமில்லை. ஆய்வுக்குரியது போத்தல் பள்ளி. கழுத்து மணலுக்குள் போக, அரைவாசி வெளியே தெரிய, தோளோடு தோள் முட்டப் போத்தலைத் தலைகீழாகக் குத்துவது அவர்கள் விதி. இவ்வரிசையில் சோடாப் போத்தல் அரிது, ஏனெனில் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைத்த பொருள் அது. ஆக, ஓரத்தில் நிற்பவை திருப்பிக் கொடுக்க முடியாதவை, அல்லது கொண்டுபோகக் கூச்சப்பட்டவை. இரண்டாம் வகையை எண்ணினால் அந்த வீட்டுக் கலியாணங்களைக் காலவரிசைப்படுத்திவிடலாம். ஒரு வீட்டில் விசாரித்தபோது எல்லாமே நெல்லிரசப் போத்தல் என்றார்கள். அவ்வாறே குறித்துக்கொண்டோம்.

கவிழ்த்த போத்தலின் அடிக்குழியில் மழைக்குப் பின் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும். மாரியில் டெங்குக்காக வளவு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குனியும் இடமும் அதுதான். அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டவுடன், “ஓடு மனே, போத்தல் எல்லாத்தையும் தொடச்சிட்டு வா, மறுகா சாப்பிடலாம்” என்று குரல் எழும். பூப்பாத்தியின் ஓரத்தைச் சாரத் துண்டால் ஈரம் ஒற்றி எடுக்கும் பராமரிப்பு முறையைத் தோட்டக்கலை நூலோர் கவனத்திற் கொள்வார்களாக.

ஓரம் அழகுக்காக என்பார்க்குக் கோழி பதில் சொல்லிவிட்டது. செவ்வரத்தைப் பதியம் வைத்துக் கைகழுவித் திரும்புமுன் அது ஓரத்தைத் தாண்டி வந்து வேரைக் கிளறியிருக்கும். பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டிய பிறகே செடி பிழைக்கிறது. ஆனாலும் போத்தல்களை எவரும் பிடுங்குவதில்லை. இதற்கான காரணம் பின்னர் வரும்.

ஒப்பீடு இல்லாத ஆய்வுக்குப் பட்டம் கிடையாது. இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜீகிள் அம்மையார் தம் மன்ஸ்டெட் வூட் வீட்டில் 200 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஒரு பூவோரம் அமைத்தார். நிறங்களை எப்படி அடுக்குவது என்று 1908இல் நூலும் எழுதினார். உயர்ந்தவை பின்னே, குட்டையானவை முன்னே என்பது அத்தகைய ஓரங்களின் பொதுவிதி. நம் நாட்டில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு திருத்திக்கொண்டேயிருந்தார். ஈழத்தலரிக் கிளைகள் தாம் நினைத்த பக்கம் வளைய, அவற்றில் பாரம் கட்டித் தொங்கவிட்டார். தேற்றாத்தீவில் புடலங்காய் நேராக வளர நுனியில் கல் கட்டுகிறார்கள். இரண்டும் ஒரே பள்ளி. வேறுபாடு, பாவாவின் கிளையைச் சமைக்க முடியாது.

உயர்ந்தவை பின்னே என்னும் விதி இங்கும் உண்டு. தென்னையும் கமுகும் வேலியோரம், நடுவில் வாழை, கத்தரி, பயற்றங்கொடி. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்புத் தென்னைகளை வாரிச் சாய்த்தது. அதற்கு முந்திய தென்னை நிற்கும் வளவைக் கண்டால் கும்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் சாய்ந்த இடத்தில் மறுபடி நட்டவர்களும் வேலியோரத்திலேயே நட்டார்கள். நடு மணலில் நீண்ட ஆயுள் உள்ள எதையும் எவரும் வைப்பதில்லை. ஏன்?

விடை தாவரவியலில் இல்லை, சீதனத்தில் இருக்கிறது. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்பவர். அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியான தம் நூலில் இத்தாய்வழிக் குடிமுறையை விரிவாக எழுதியிருக்கிறார். வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, பெற்றோர் இளையவளோடு பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவது வழக்கம். பக்கத்தில் என்றால் பெரும்பாலும் பின்னால். ஆகவே நமது துணிபு: பின்வளவு என்பது இளைய மகளின் வீடு, இன்னும் கல் வைக்கவில்லை, அவ்வளவே. போத்தல் ஓரம் அத்திவாரத்தின் முன்வரைவு. வாழை, அறை வரும்வரை இருந்துவிட்டுப் போகும் வாடகைக் குடி. ஐந்து பெண்மக்கள் உள்ள வீட்டில் பூச்செடிக்கு இடமில்லாததும், ஆண்மக்கள் மட்டுமே உள்ள வீட்டில் குரோட்டன் காடாகப் பெருகுவதும் இதனால்தான். 

அண்மையில் ஒரு வளவில் இக்கருதுகோள் சோதிக்கப்பட்டது. மேசன் கயிறு பிடித்தபோது அது போத்தல் வரிசையோடு சாண் பிசகாமல் பொருந்தியது. “அந்தக் கமுகு நிக்கட்டும் மனே, குசினி அதுக்கு இஞ்சால வரும்” என்று அம்மம்மா கதிரையில் இருந்தபடியே சொன்னார். கமுகுக்கு அப்போது குலை தள்ளும் பருவம். அவர் நட்டு எத்தனையோ மாரி போயிருக்கும். பிடுங்கிய போத்தல்கள் கழுவி வேலியோரம் அடுக்கப்பட்டன. புதிய வீட்டுக்கும் நாலடி அகலத்தில் ஒரு பின்பக்கம் மிஞ்சுகிறது. அதில் கொச்சிக்காய் நடலாமா என்று புது மருமகன் கேட்டிருக்கிறார். மாமி இன்னும் பதில் சொல்லவில்லை.