ஆவாரம்பூவும் மூன்று நாளும்

ஃபிளேவனாய்டு என்பது பூவுக்கு நிறமும் இலைக்கு வெயில் தாங்கும் தெம்பும் தரும் தாவரச் சேர்மம். 1936இல் இதற்கு வைட்டமின் பதவி வழங்கப்பட்டது, பின்னர் பறிக்கப்பட்டது. இப்போது இளமை காக்கும் இலாகாவைக் கவனித்துவருகிறது.

ஆவாரம்பூவிலிருந்து இதை எடுக்கப் பூவை நிழலில் உலர்த்தி, பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, சுழல் ஆவியாக்கியில் எத்தனாலை விரட்ட வேண்டும். அடியில் பிசின்போலத் தங்குவது சாறு. பாட்டிமார் இதே பூவை வெந்நீரில் போட்டுக் குடித்தார்கள். அதற்குக் காப்புரிமை கேட்கத் தோன்றவில்லை.

அடுத்தது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனைப் பார்க்கும் சோதனை. டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் சாற்றைச் சொட்டினால் அது மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து, ‘முதுமை எதிர்ப்பு’ முகக் களிம்பு என்று லேபிள் அடிக்கலாம். எலுமிச்சைச் சாறும் டீத்தண்ணீரும் இதே தேர்வில் தேறும்.

இரும்பு துருப்பிடிப்பதும் ஆக்சிஜனேற்றம்தான். ஆனால் வாகனத் தொழிலில் பெயின்ட் அடித்த தகட்டை 5 சதவீத உப்புநீர் மூட்டத்தில், 35 டிகிரி வெப்பத்தில், நூற்றுக்கணக்கான மணிநேரம் வாட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. தகட்டுக்குக் கிடைக்கும் அந்த மரியாதை கன்னத்துக்குக் கிடைப்பது அரிது.

உயிருள்ள சாட்சியும் உண்டு. வெங்காயத்தில் உள்ள குவெர்செடின் என்ற ஃபிளேவனாய்டு, சி. எலிகன்ஸ் புழுவின் ஆயுளைச் சுமார் 15 சதவீதம் கூட்டியது. அந்தப் புழு வாழ்வதே மூன்று வாரம். கூடுதலாகக் கிடைத்தது மூன்று நாள்.