ஓர் எஸ்டிமேட்டுக்கு வந்தனோபசாரம்

மகா கனம் பொருந்திய மோட்டார் பணிமனை நிர்வாகஸ்தர் அவர்களுக்கு, அநேக நமஸ்காரம்.

என் பழைய காரின் கிளட்ச் விஷயமாகத் தாங்கள் தயாரித்தளித்த எஸ்டிமேட்டைப் பயபக்தியுடன் வாசித்தேன். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் புதிதாக மாட்டவேண்டுமென்று, வண்டியின் அடியில் ஒருவரும் குனிந்து பாராமலே நிர்ணயித்த தங்கள் ஞானதிருஷ்டி முற்காலத்து ரிஷிகளுக்கும் வாய்த்திராது.

நான் முறையிட்ட வியாதி இது: பெடல் எதிர்ப்பின்றித் தரைவரை இறங்குகிறது, ரிவர்ஸ் கியர் கரகரவென்று அலறுகிறது, ஆனால் இரண்டு மூன்று தரம் விரைந்து மிதித்துவிட்டால் அதே கியர் சாதுவாக விழுந்துவிடுகிறது. பிளேட் தேய்ந்த வண்டியின் லட்சணம் வேறு, அதில் எஞ்சின் இரைச்சல் ஏறுமேயன்றி வேகம் ஏறாது என்று இதுகாறும் எண்ணியிருந்தேன். மிதிக்க மிதிக்கத் தேய்ந்த பிளேட் வளரும் என்னும் நவீன சித்தாந்தத்தைத் தங்களிடமே கற்றேன்.

அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எத்திசையிலும் குறைவின்றிப் பரவும் என்று, 1663-இல், தாம் மறைந்த மறுவருஷம் வெளிவந்த நூலில், பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கல் எழுதிவைத்தார். அதை நம்பியே என் காரைச் செய்தவர்கள் பெடலருகே மாஸ்டர் சிலிண்டரையும், கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் ஸ்லேவ் சிலிண்டரையும் அமைத்து, இடையே பிரேக் ஆயில் நிரம்பிய குழாயை ஓட்டினார்கள். உள்ளே காற்று புகுந்துவிட்டால், கால் கொடுக்கும் பலமெல்லாம் அக்காற்றை நசுக்குவதிலேயே விரயமாகிறது.

ஆயில் மட்டம் தாழ்ந்திருக்கக் கண்ட தங்கள் மேற்பார்வையாளர், மூடியின்றி அலமாரியில் நெடுநாள் தவமிருந்த புட்டியிலிருந்து அதை நிரப்பினார். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது அவ்வாயிலின் சுபாவம் என்பதும், புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்ஷியஸ் வரை கொதியாத டாட் 4 ரகம் ஈரமேறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும் என்பதும், அந்த ஈரமே சிலிண்டரின் உட்சுவரைத் துருவேற்றி ரப்பரைக் கெடுக்கும் என்பதும் அவரது தியானத்தைக் கலைக்கவில்லை.

அடைத்த குழாயிலிருந்து ஆயில் எங்கே போயிற்று என்ற அநாகரிக வினாவையும் அவர் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி ஈரம் பார்க்க நேர்ந்திருக்கும். அங்கே இல்லையேல் மாஸ்டர் சிலிண்டர்த் தண்டின் ஓரத்தை விரலால் தடவ நேர்ந்திருக்கும். எங்கும் ஈரமின்றிப் பெடல் மட்டும் மெல்ல அமிழுமாயின், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பரே சந்தேகத்துக்குரியது. அன்றியும், ஒருவர் மிதிக்க மற்றொருவர் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைக் கவனிக்கலாம்: தண்டு முழுத் தூரம் நகர்ந்தும் கியர் விழாவிட்டால் கியர்பாக்ஸை இறக்க நியாயமுண்டு; நகர்ச்சி குறைவாயின் குற்றம் பெரும்பாலும் ஆயிலின் வழியிலேயே இருக்கும். குழாயில் நீர் வரவில்லை என்றவனிடம் கிணற்றைத் தூர்வாரச் சொல்லும் தங்கள் மரபுக்கு இத்தகைய சிக்கனம் இழுக்கென்பதை நான் அறிவேன்.

ஆகவே, உறையை விலக்கிப் பார்க்கும் அச்சிறு தொழிலுக்கும் ‘விசேஷ பரிசோதனைக் கட்டணம்’ என்று ஒரு கௌரவமான தொகையை விதித்தருளப் பிரார்த்திக்கிறேன். பார்ப்பதற்கும் பணம் உண்டென்றால் தங்கள் ஆட்கள் பார்க்கத் தொடங்குவார்கள்.

இங்ஙனம்,
எஸ்டிமேட்டில் கையொப்பமிடாத,
தங்கள் பரம விசுவாசி