சாயம் ஊத்துன பிஸ்கோத்து

ஏலே பேராண்டி, ஒரு தட்டு பிஸ்கோத்து சுட எத்தனை சாமான்லே வேணும்? மாவு நிறுக்க ஒரு தராசு. சலிக்க ஒரு சல்லடை. அளக்கக் கலர் கலரா ஒரு கொத்துக் கரண்டி. வெண்ணெயை அடிக்கக் கரண்ட் மிஷின். அடியில விரிக்க பட்டர் பேப்பர். சுட்டதை அடுக்கி வச்சு போட்டோ புடிக்க ஒரு மரப்பலகை. அந்தப் பலகையும் எடுப்பா இல்லைன்னு இன்னொண்ணுக்கு ஆர்டர் போட்டிருக்கியாமே? மாவையே இன்னும் தொடல, அதுக்குள்ள பர்ஸு காலி.

கேட்டா, "தாத்தா, இது ஹோம்மேடு"ங்க. அப்படியா? மைதா கடையில வாங்குனது. வெண்ணெய் பொட்டலத்துல வந்தது. கோகோ ஐவரி கோஸ்ட்லயோ கானாவுலயோ விளைஞ்சது. உலகத்துக் கோகோவுல பாதிக்கு மேல அந்த ரெண்டு நாட்டுலதான் காய்க்கு. வெண்ணிலா பாட்டில்ல இருக்கது கொடியில காய்ச்ச வெண்ணிலாவே இல்ல, ஆலையில காய்ச்சி எடுத்த வாசனை. இதுல வீட்டுதுன்னு எதைலே சொல்லுத? கரண்ட் பில்லு ஒண்ணுதான் நம்ம வீட்டுது.

சரி, செய்யி. நான் வேண்டாம்னா சொல்லுதேன்? பிள்ளைய அடுப்படிப் பக்கம் வாரதே பெரிசு. ஆனா ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. ரெட் வெல்வெட் குக்கீஸ், ரெட் வெல்வெட் குக்கீஸ்னு குதிக்கியே, அந்தச் செவப்புல என்னலே ருசி இருக்கு? மாம்பழத்துக்கு ஒரு ருசி உண்டு. ஏலக்காய்க்கு ஒண்ணு உண்டு. செவப்புக்கு? கண்ணை மூடிக்கிட்டு ஒரு கடி கடிச்சுப் பாரு. கொஞ்சம் கோகோ தெரியும். லேசா ஒரு புளிப்பு. வெண்ணிலா மணம். வெண்ணெய். இனிப்பு. செவப்பைத் தேடு, அம்புடுதான்னு பாப்போம்.

அது எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா நீயே சிரிப்ப. அமெரிக்காவுல 19-ஆம் நூற்றாண்டுலயே வெல்வெட் கேக்குன்னு ஒண்ணு சுட்டாங்க. செவப்பு கிடையாது. மெத்துன்னு இருக்கும், அவ்வளவுதான். கோதுமை மாவு சவ்வு புடிச்சா பண்டம் விறைச்சுப் போவும்லா? அதைத் தணிக்க சோள மாவோ பாதாம் பொடியோ கலந்தாங்க. பெறவு எவளோ ஒரு கெட்டிக்காரி கோகோவும் சேத்தா. அங்க அப்போ புழங்குன கோகோவுக்குப் பெரும்பாலும் சோடா மாதிரிக் காரம் ஏத்தல. அது புளிப்பாவே இருக்கும். அதுல மோரும் வினிகரும் சேந்தா பழுப்புக்குள்ள ஒரு செவப்பு ஓடும். உத்துப் பாத்தாதான் தெரியும். அந்த ஊருப் பொம்பளையளும் உத்துப் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னு தின்னுட்டுப் போனாங்க. யாரும் போட்டோ புடிக்கல.

இதுல ஒரு கூத்து இருக்கு, கேளு. ஹாலந்துல வான் ஹூட்டன்னு ஒரு மனுசன். 1828-ல கோகோவுலருந்து கொழுப்பைப் பிழிஞ்செடுக்க வழி கண்டு உரிமை வாங்குனாரு. பொடியில காரம் கலந்து புளிப்பை அடக்குறதும் அந்தக் குடும்பத்துக் கைங்கரியந்தான். அப்படிச் செஞ்ச பொடி நல்லா கருத்து, கசப்பு குறைஞ்சு இருக்கும். டப்பாவுல 'டச்சு பிராசஸ்'னு போட்டிருப்பான், வெலையும் கூட. நீ எதை வாங்கி வச்சிருக்க? அதேதான! பேரனுக்கு எப்பவும் ஒசந்த சரக்குதான் வேணும். அதுல செவப்பும் ஓடாது, ஆப்ப சோடாவைப் பொங்க வைக்கப் புளிப்பும் கிடையாது. இந்தப் பண்டத்துக்கு வெலை கம்மியான சாதாக் கோகோதான்லே தோது.

இப்பம் சாயக் கதைக்கு வாரேன். 1930-கள்ல அமெரிக்காவுல பெரிய பஞ்ச காலம். பொருளாதாரம் படுத்துட்டு, சனம் கையில காசில்ல. டெக்சாஸ்ல ஆடம்ஸ்னு ஒரு கம்பெனி. எசன்ஸும் சாயமும் விக்கிறவங்க. சோத்துக்கே வழியில்லாதவன் சாயம் எதுக்குலே வாங்கப் போறான்? கம்பெனிக்காரன் யோசிச்சான். கேக்கு செய்முறையை அட்டையில அச்சடிச்சு, கலர்ப் படத்தையும் போட்டு, கடை கடையா நீட்டுனான். படத்துல கேக்கு ரத்தச் செவப்பு. சாயம் விக்கிறவன் சமையல் குறிப்பு எழுதுனா எவ்வளவு ஊத்தச் சொல்லுவான்னு நீயே நெனச்சுப் பாரு. பழைய அமெரிக்கக் குறிப்புகள்ல ஒரு கேக்குக்கு ரெண்டு அவுன்ஸ் சாயம்னு வரும். நம்ம கணக்குல சுமார் 60 மில்லி. காய்ச்சல் மருந்தைக்கூட அம்புட்டு குடிக்க மாட்டோம்.

உளுந்து விக்கிறவன் உளுந்தங்களி நல்லதும்பான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது, அவன் பொழப்பு. நம்பிக்கிட்டு நிக்கான் பாரு, அவனைத்தான் பாக்கணும்.

பெறவு புராணம் கட்டுனாங்க. நியூயார்க்குல வால்டோர்ஃப் அஸ்டோரியான்னு பெரிய ஓட்டல். அங்க ஒரு அம்மா இந்தக் கேக்கைத் தின்னுட்டு, செய்முறை வேணும்னு கடுதாசி போட்டாளாம். செய்முறையும் வந்துச்சாம், கூடவே நீளமா ஒரு பில்லும் வந்துச்சாம். ஆத்திரம் தாங்காம அவ அதை ஊரு பூரா எழுதிக் குடுத்துட்டாளாம். எந்த அம்மா? எந்த வருசம்? அதெல்லாம் கேக்கப்படாது. இதே கதையை வேற கேக்குக்கும் சொல்லுதான், வேற பிஸ்கோத்துக்கும் சொல்லுதான். கனடாவுல முன்ன ஈட்டன்ஸ்னு ஒரு கடை இருந்துச்சு. அங்க கேட்டா, எங்க முதலாளியம்மா கண்டுபுடிச்சதும்பான். ஒரு கேக்கு, ஊருக்கொரு தல புராணம்.

நடுவுல சாயத்துக்கே ஒரு சனி புடிச்சுது. 1976-ல அமெரிக்க அரசாங்கம் 'ரெட் 2'ங்கிற சாயத்தைத் தடை பண்ணுச்சு. சனம் மிரண்டு போச்சு. எம் அண்ட் எம்ஸ் மிட்டாயில அந்தச் சாயம் இல்லவே இல்ல. ஆனாலும் கம்பெனி செவப்பு மிட்டாயை எடுத்துட்டான். 1987-லதான் திரும்ப விட்டான். அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு ஸ்டீல் மக்னோலியாஸ்னு ஒரு சினிமா. அதுல மாப்பிள்ளைக்கு ஒரு கேக்கு, ஆர்மடில்லோங்கிற ஓட்டுப் பிராணி உருவத்துல. மேல சாம்பல் கலரு. கத்தியை வச்சா உள்ள ரத்தச் செவப்பு. பாத்தவன் என்ன செஞ்சிருக்கணும்? முகத்தைச் சுளிச்சிருக்கணும். சனம் பேக்கரிக்கு ஓடுச்சுலே! 1996-ல நியூயார்க்குல மக்னோலியா பேக்கரின்னு ஒரு கடை தொறந்து, இதைக் கப்புக்குள்ள வச்சு வித்தான். வரிசையில நின்னு வாங்குனாங்க. அப்புறம் அது பிஸ்கோத்தாச்சு, பாலாச்சு, ஐஸ்கிரீமாச்சு. நாளைக்கு ரெட் வெல்வெட் பழைய சோறு வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நம்ம ஊருலயும் சாயத்துக்குச் சட்டம் உண்டு, தெரியுமா? தின்னக்கூடிய சாயம்னு ஒரு பட்டியல் இருக்கு. பிஸ்கோத்து, கேக்கு மாதிரிப் பண்டத்துல ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல கலக்கப்படாது. 2024 பிப்ரவரியில ரோஸ் கலர் பஞ்சு மிட்டாயை நம்ம அரசாங்கம் தடை பண்ணுச்சுல்ல? அதுல கலந்தது ரோடமின் பி. துணிக்குப் போடுற சாயம். பஞ்சு மிட்டாய்க்காரனைப் போயி புடிச்சாங்க. உன் சாயப் பாட்டில் அந்த ரகம் இல்ல, தின்னக்கூடியதுதான். ஆனா இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வரட்டும்னு கவுத்துக்கிட்டே இருக்கியே, 100 மில்லிகிராமை எந்தக் கரண்டியால அளப்ப?

இதைச் சொன்னா உங்கக்கா உடனே கொடி புடிச்சு வாரா. "நேச்சுரல் கலர் போடலாம் தாத்தா, பீட்ரூட் பொடி." போடு தாயி. பிசையும்போது கல்யாணப் பொண்ணு கணக்கா செவந்து நிக்கும். அடுப்புச் சூடு பட்டதும் வெளுக்கும். சோடா கூடிட்டுன்னா பழுப்பாவே ஆயிரும். புளிப்பைத் தூக்கலா வச்சா கொஞ்சம் தாக்குப் புடிக்கும். ஆனா பொரியல் வைக்க வேண்டிய காயை இப்பிடிப் பொசுக்குறதுக்கு அந்தப் பொடியை என்ன வெலைக்கு விக்கான்னு கேட்டுராத, எனக்கு ரத்தக் கொதிப்பு.

சீமையில இன்னொரு இயற்கைச் சாயம் இருக்கு. பொட்டலத்துல இ120-ன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பான். என்னன்னு தெரியுமா? பூச்சி. சப்பாத்திக் கள்ளியில ஒட்டிக்கிட்டு இருக்குமே வெள்ளைப் பஞ்சா, அந்தச் சாதி. கொச்சினீல்னு பேரு. பொட்டைப் பூச்சியைக் காய வச்சு அரைச்சா நல்ல செவப்பு. ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சி வேணும்னு கணக்குச் சொல்லுதாங்க. பெரு நாட்டுலதான் கூடுதலா எடுக்கான். முட்டை போடலைன்னு கொட்டை எழுத்துல போட்ட பண்டத்துலயும் அது இருக்கலாம். எங்க சின்ன மதினி சுத்த சைவம். வெளிநாட்டுப் பொட்டலத்தை அவ ரசிச்சுத் தின்னுக்கிட்டிருந்தா. நான் வாயைத் தொறக்கல. வயசானவன், வீட்டுல சோறு வேணும்லா?

அந்தப் பூச்சிக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒண்ணு கிடக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்துல சென்னையில ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு டாக்டர். மெக்சிகோவுல ஸ்பெயின்காரன் இந்தச் சாயத்துல கொழிக்கிறதைப் பாத்துட்டு, சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டமே போட வச்சாரு. அதுல பூச்சி வளத்துச் சாயம் எடுக்கணும்னு ஆசை. 1795-ல ஒரு கப்பல் கேப்டன் பிரேசில்லருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டாந்தான். அங்கருந்து இங்கயும் வந்துச்சு. வந்தது மட்ட ரகம். சாயம் தேறல. ஆனா அதுக்கு நல்ல பசி. பரவுன இடத்துல கள்ளியைத் தின்னு தீத்துட்டு.

பெறவு வேற சாதிக் கள்ளி காடு கரையெல்லாம் மண்டிக்கிட்டு. ஆடு நுழையாது, ஆளு நுழைய முடியாது. 1926-ல இலங்கையிலருந்து இன்னொரு சாதிப் பூச்சியைக் கொண்டாந்து விட்டாங்க. கள்ளியைக் கொல்லணும்னே. கொஞ்ச வருசத்துல ஆயிரக்கணக்கான ஏக்கர் வெளிச்சுப் போச்சு. வேலியில நின்ன கள்ளி வெள்ளை பூத்து, தொய்ஞ்சு விழுந்ததை எங்கய்யா சொல்லுவாரு. அந்தப் பூச்சியை நசுக்குனா விரல் செவக்கும். எங்கய்யா அதைத் தொட்டு நெத்தியில பொட்டு வச்சாரே ஒழிய, பிஸ்கோத்துல போடணும்னு அவருக்குத் தோணல. விவரம் பத்தல.

எங்கயோ போயிட்டேன். நீ சுட வேண்டியதைச் சொல்லுதேன், கேட்டுக்கோ.

வெண்ணெயை உருக்காத. விரல் வச்சா பதியுற பதத்துல எடு. சீனியோட நல்லா அடி. நாட்டுச் சக்கரை கொஞ்சம் சேத்தா உள்ள ஈரம் நிக்கும், மெத்துன்னு இருக்கும். முட்டை ஒண்ணு. சாதாக் கோகோ ரெண்டு மேசைக் கரண்டி போதும், கூடப் போட்டா சாக்லேட் பிஸ்கோத்தாயிரும். ஒரு சின்னக் கரண்டி வினிகர். வினிகர் இல்லன்னா எலுமிச்சம்பழத்தைப் பிழி. அதுக்குன்னு கடைக்கு ஓடாத. மைதாவைப் போட்டதும் ரொம்பப் பிசையப்படாது. பிசையப் பிசைய சவ்வு புடிச்சு பல்லுக்கு வேலை குடுக்கும், எனக்கு இருக்கதே நாலஞ்சுதான்.

மாவை உடனே சுடாத. ஃபிரிட்ஜ்ல ஒரு மணி நேரம் கிடக்கட்டும். உங்க பாட்டி அதிரச மாவை ராத்திரி பூரா மூடி வைப்பாள்லா, அவகிட்ட யாரும் ஏன்னு கேட்டதில்ல. மாவு ஈரத்தைக் குடிக்கணும், வெண்ணெய் இறுகணும். இல்லன்னா தட்டு பூரா பரவி தோசையாயிரும்.

175 டிகிரி. பத்து நிமிசம், மிஞ்சிப்போனா பன்னெண்டு. ஓரம் இறுகி நடுவு தொளதொளன்னு இருக்கும்போதே எடுத்துரு. வேகலையேன்னு பதறாத. சூட்டுத் தட்டுலயே அஞ்சு நிமிசம் கிடந்தா தானா வெந்துக்கிடும். நடுவு இறுகட்டும்னு காத்து நின்னா, நீ ஊத்துன சாயம் பழுப்பாப் போவும், பிஸ்கோத்து ஓடாப் போவும்.

மேல பதிக்க வெள்ளைச் சாக்லேட்டு வாங்கி வச்சிருக்கியே, அதைத் திருப்பிப் படிச்சியா? காம்பவுண்ட்னு போட்டிருந்தா அதுல கோகோ வெண்ணெய் இருக்காது. பெரும்பாலும் தாவரக் கொழுப்பும் சீனியுந்தான். மேல் அண்ணத்துல மெழுகா ஒட்டும். அதுக்கு முந்திரியை உடைச்சுப் போடலாம்.

ஒரு வேலை செய்யி. மாவைப் பிசைஞ்சு ரெண்டாப் பிரி. ஒரு பாதியில சாயம் ஊத்து, ஒரு பாதியை அப்படியே சுடு. பெறவு கண்ணைக் கட்டி ருசி பாக்க ஒரு ஆளு வேணும்லா? நான் இருக்கேன். ஒரு பிஸ்கோத்துல தீர்ப்பு சொல்ல முடியாது, ரெண்டுலயும் மும்மூணு வை. டாக்டர் இனிப்பு தின்னப்படாதுன்னாருதான், பரிசோதனை பண்ணப்படாதுன்னு சொல்லலியே. உங்க பாட்டி கோயிலுக்குப் போற நேரம் பாத்துக் கொண்டா.