கடல்கட்டிக்குச் சுகமில்லை

1840களில் ஒருநாள் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் துரை முத்துச் சலாபம் பார்க்க மன்னார்க் கரையின் அரிப்புக்கு வந்தார். டிரபல்கரில் பிரெஞ்சுக்காரனையும் ஸ்பானியனையும் சேர்த்தே அடித்த கடற்படையின் அரசாங்கத்து ஆள் அவர். ஆனால் அரிப்புக் கடலில் அந்தக் கடற்படையாலும் முடியாத காரியம் ஒன்று இருந்தது. குளியாட்களைச் சுறாவிடமிருந்து காப்பாற்றுவது.

அதற்குக் கடல்கட்டி இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் வராவிட்டால் ஒருத்தரும் முத்துப் பாரில் இறங்கமாட்டார்கள். பரம்பரை உத்தியோகம். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார அரசாங்கமே சம்பளம் கொடுத்துக் கடல்கட்டி வைத்திருந்தது. ரெனன்ற் வந்தபோது பதவியில் இருந்தவர் கத்தோலிக்கர். அதனால் மந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பது ஊரார் கட்சி. மன்னார்ச் சுறாக்கள் சமயம் பார்ப்பதில்லை.

துரை போன நேரம் கடல்கட்டிக்குச் சுகமில்லை. பதில் ஆள் ஒருவர் வந்து நின்றார். மந்திரம் தெரியுமா என்று விசாரித்தால், தெரியாதாம். பிறகு எதற்கு வந்தாய்? பெரியவரின் பிரதிநிதியாக நான் இங்கே நிற்கிறேன் என்பது சுறாக்களுக்கு விளங்கும், அவை மரியாதை கொடுக்கும் என்றாராம். ரெனன்ற் இதை வரி விடாமல் எழுதிவைத்தார். அவருக்குச் சிரிப்பு. தன்னுடைய ராஜ்ஜியமும் அதே தொழில்தான் செய்கிறது என்பது துரைக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

விமானந்தாங்கிக் கப்பல் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் இந்தப் பதில் ஆளைத்தான் காட்டுவேன். வந்து நிற்பதுதான் வேலை. மந்திரம் தெரியுமா என்று சுறா கேட்காதவரை சம்பளம் நிச்சயம்.

இப்போது சீனாவுக்கு எத்தனை கடல்கட்டி வேண்டும் என்று உலகமெல்லாம் கணக்குப் பார்க்கிறார்கள். கையில் மூன்று இருக்கின்றன: 2012இல் லியாவோனிங், 2019இல் ஷான்டொங், 2025இல் ஃபூஜியன். ஆறு வேண்டும் என்கிறார் ஒரு நிபுணர், ஒன்பது என்கிறார் இன்னொருவர். கடற்படைக்காரரின் வாய்ப்பாடு ஒன்று உண்டு. ஒரு கப்பல் கடலில் நிற்க வேண்டுமானால் மூன்று வேண்டும். இரண்டாவது பழுதுபார்ப்பில் கிடக்கும், மூன்றாவது பயிற்சியில் இருக்கும். ஒரு கடல்கட்டி வேலை செய்ய மூன்று கடல்கட்டிக்குச் சம்பளம். அமெரிக்கா 11 வைத்திருக்கிறது. இந்தியா இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதற்கு எத்தனையோ வருடமாகப் பெட்டிசம் எழுதுகிறது.

சீனாவின் முதல் கடல்கட்டி வந்த கதை நல்ல பகிடி. சோவியத் காலத்தில் உக்ரேனில் கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட கப்பல். பெயர் வர்யாக். 1998இல் ஹொங்கொங் வியாபாரி ஒருவர் 2 கோடி டொலருக்கு வாங்கினார். எதற்கு? மக்காவ்வில் மிதக்கும் சூதாட்ட விடுதி வைக்க! உலகம் நம்பியதோ இல்லையோ, துருக்கி நம்பவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பொஸ்பரஸ் வழியை மறித்தது. 2001 நவம்பரில் ஒருவழியாக விட்டபிறகு புயலில் கயிறு அறுந்தது. சுயெஸ் கால்வாயும் கிடைக்கவில்லை. ஆபிரிக்காவை முழுக்கச் சுற்றி, இந்து சமுத்திரம் தாண்டி, இழுவைக் கப்பலுக்குப் பின்னால் 2002 மார்ச்சில் டாலியனுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து வருடம் கழித்து லியாவோனிங் என்று பெயர் வைத்துக் கொடியேற்றினார்கள். இன்றுவரை அதில் ஒருத்தரும் சீட்டாடியதாகத் தகவல் இல்லை.

பெரிய கப்பலோடு சீனா நம்மிடம் வருவது இது முதல் தடவையும் இல்லை. மிங் பேரரசரின் தளபதி செங் ஹோ 1405இல் புறப்பட்ட முதல் பயணத்தில் மட்டும் 27,000க்கு மேல் ஆட்கள். அவர் இலங்கைக்காகக் கல்வெட்டு ஒன்றும் பொறித்துக்கொண்டு வந்தார். ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தென்னாவர நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. ஆளுக்கு 1,000 பொன், 5,000 வெள்ளி. மூன்று கடவுளுக்கும் ஒரே தட்டு. இந்த நாட்டில் அதற்குப் பிறகு அப்படிச் சமமாக ஒருத்தரும் பங்கு போட்டதில்லை. சமாதானக் கல்லின் மை காய முன், 1411இல், இங்கே ஆண்ட அழகக்கோனாரைப் பிடித்துக்கொண்டு நான்ஜிங்குக்குப் போனார். பேரரசர் மன்னித்து விட்டாராம். செங் ஹோவுக்குப் பிறகு அந்தக் கடற்படை போன இடம் தெரியவில்லை. கல்லை மட்டும் 1911இல் காலியில் கண்டுபிடித்தார்கள். மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்தது.

மன்னாருக்கு வந்த சீனம் வேறு மாதிரி. மாந்தையில் 1980களில் தோண்டியபோது தாங் காலத்துச் சட்டியும் பானையும் கிளம்பின. செங் ஹோவுக்கு ஐந்நூறு, அறுநூறு வருடம் முந்தியவை. ஒரு போர்க்கப்பலும் கூட வரவில்லை. விற்க வந்தார்கள், விற்றார்கள், போனார்கள்.

கப்பற்படையோடு வந்தவர்களின் கதைதான் கோணல். 1560இல் போர்த்துக்கேயப் பிரதிராசா கொன்ஸ்டன்டினோ யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியை அடக்கப் பெரும் படையோடு வந்தார். நல்லூரைப் பிடித்தார். ஊர் திரண்டு எழும்பியதும் விட்டுவிட்டு ஓடினார். வெறுங்கையோடு கோவாவுக்குப் போக முடியுமா? ஆறுதல் பரிசாக மன்னாரில் கோட்டை கட்டினார். ஒல்லாந்தன் 1658இல் வந்து அதைப் பிடித்தான். 1795இல் வெள்ளைக்காரன் ஒல்லாந்தனிடமிருந்து பிடித்தான். முத்து முழுக்க இனித் தனக்கே என்று நினைத்து 1906இல் ஒரு பிரித்தானியக் கம்பெனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தான். 1907க்குப் பிறகு கம்பெனிக்குப் பாரில் சிப்பியே கிடைக்கவில்லை. சுறாவைக் கட்டத் தெரிந்தவர்களுக்குச் சிப்பியைக் கட்டத் தெரியவில்லை.

மந்திரம் தெரியாத பதில் ஆளை ஒரு தடவை உண்மையாகவே பரீட்சித்தார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தளபதி நகுமோ ஐந்து விமானந்தாங்கிகளோடு வந்து உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்டார். மட்டக்களப்புக்கு வெளியே பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மஸ் அகப்பட்டது. அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. நகுமோவின் சுறாக்கள் மரியாதை தெரியாதவை. 300க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; அந்த இடத்தில் பகிடியை நிறுத்திக்கொள்கிறேன்.

மன்னாருக்கு மட்டும் ஒரு வசதி. விமானந்தாங்கி மிதக்கப் பத்து மீற்றர் ஆழம் வேண்டும். தலைமன்னாருக்கு அப்பால், தனுஷ்கோடிவரை ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்குத் தீடை தீடையாக மணல். பல இடத்தில் வள்ளமே தரை தட்டும். 1860இல் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கடற்படைக்காரர் இந்தப் பக்கத்தைக் கப்பல் போகத் தோண்டலாம் என்றார். 2005இல் மன்மோகன் சிங் 12 மீற்றர் ஆழத்துக்குத் தோண்டத் தொடக்கிவைத்தார். இராமர் பாலத்தைத் தொடாதே என்று இராமர் பக்கத்து ஆட்கள் நீதிமன்றம் போனார்கள். மணல் எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் திரும்ப வந்து தூர்த்தது.

ஆகவே 2021 டிசம்பரில் சீனத் தூதுவர் இந்தத் தீடைகளைப் பார்க்க வந்தபோது, இலங்கைக் கடற்படையின் சின்னப் படகில்தான் வந்தார். மணலில் நின்றார், பார்த்தார், திரும்பினார். விமானமும் இல்லை, விமானந்தாங்கியும் இல்லை. ஆனாலும் டெல்லிக்கு அன்று இரவு நித்திரை இல்லை. ரெனன்ற் சந்தித்த பதில் ஆள் உயிரோடு இருந்திருந்தால் தூதுவரைக் கட்டிப்பிடித்திருப்பார்.

மன்னாரின் பேசாலை, வங்காலை மீனவரைக் கேளுங்கள், அவர்கள் பயப்படும் கடற்படை எது என்று. அதற்கு நேர அட்டவணையே உண்டு. திங்கள், புதன், சனி. இராமேசுவரத்திலிருந்து நூற்றுக்கணக்கில் வரும் ரோலர்கள். சீனப் பேரரசர் கேட்காத அளவுக்கு அடிமடியோடு வழித்துக்கொண்டு, வலையையும் அறுத்துவிட்டுப் போகும். சொந்தத் தமிழன், சொந்த மொழியில் மன்னிப்பும் கேட்பான்.

பெய்ஜிங்குக்கும் டெல்லிக்கும் ஒரு வேண்டுகோள். ஆறோ ஒன்பதோ, உங்கள் காசு, உங்கள் கப்பல். மன்னார்க் கணக்கில் மட்டும் பூச்சியம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தேவையான ஆயுதம் ஏற்கெனவே கொழும்பில் இருக்கிறது: இழுவை மடியைத் தடைசெய்த சட்டம். 2017இல் நிறைவேறியது. அதைக் கடலில் இறக்கினால் போதும்.